தண்ணீர் கேட்டு வந்த இரண்டாம் மனு

அளவற்ற அருளாளனின் பெயரைச் சொல்லி வாய் திறக்கிறேன்.

அந்தியின் அழகெல்லாம் அலைமேல் விழுந்து கிடக்கும் இந்த வேளையில், இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் அவர்களே! என் வலப்பக்கம் வீற்றிருக்கும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைப் பெரியோர்களே! என் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் கோயில் பரிபாலன சபை ஐயாமார்களே! மருதமுனையிலிருந்தும் பெரியநீலாவணையிலிருந்தும் மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்த சகோதரர்களே! முன்னால் பாய் விரித்து, மடியில் மழலைகளை உறங்க வைத்து, முக்காட்டு நுனியாலும் முந்தானை நுனியாலும் விசிறிக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே! உங்களை மட்டும் இன்னொரு முறை அழைக்கிறேன், தாய்மார்களே! நான் இன்று பேச வந்திருப்பது தண்ணீரைப் பற்றி. இந்த ஊரில் அதை உங்களைப் போல் இடுப்பில் சுமந்தவர் யார்? உங்களைப் போல் அதற்காகக் காத்துக் கிடந்தவர் யார்? உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி இறங்கட்டும், அஸ்ஸலாமு அலைக்கும்! என் தமிழ் உறவுகளுக்கு நெஞ்சு நிறைந்த வணக்கம்!

என்ன காக்கா? பின்னுக்குச் சத்தம் கேக்கல்லையா? ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கூட்டி விடுங்க. கடலோடு போட்டி போட்டுக் கதைக்கிற வயசு எனக்கு இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஷரிபுதீன். முப்பது வருடம் உங்கள் கடிதங்களுக்கு முத்திரை குத்திய தபாலதிபர். ஓய்வு பெற்ற பிறகு மத்தியஸ்த சபையில் ஓர் உறுப்பினர். பொலிசுக்கும் கோட்டுக்கும் போகாமல் அயலவர் சண்டையைப் பேசித் தீர்க்கிற அந்தச் சபை, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட வகுப்பறையில் கூடும். அங்கே எங்கள் முன்னால் வந்த ஒரு வழக்கைத்தான் சொல்லப் போகிறேன். அங்கே கதைத்ததை வெளியில் கதைக்கக் கூடாது என்பது முறை. ஆனால் அந்த வழக்கின் இரண்டு பெண்களும் மூன்றாம் வரிசையில் ஒரே பாயில் இருக்கிறார்கள். ‘ஒளிக்காமல் எல்லாத்தையும் சொல்லுங்க ஐயா’ என்று அவர்களே எனக்கு உத்தரவு தந்திருக்கிறார்கள்.

அதற்கு முன் ஒரு கணம் கண்களை மூடுங்கள். மூடுங்கள், ஒன்றும் களவு போகாது!

மேற்கே, நீலமலை நிழலிலே நீண்டு நெளிந்து கிடக்கிறது ஒரு குளம். யானை வந்து குடித்துவிட்டுப் போன தண்ணீர் அது. வெள்ளைக் கொக்கு தன் முகம் பார்த்துவிட்டுப் பறந்த தண்ணீர் அது. அந்தத் தண்ணீர் புறப்படுகிறது. வயல்களுக்கு அடியால், வாய்க்கால்களுக்கு அடியால், தெருக்களுக்கு அடியால், இருட்டுக் குழாயில் கனவு போல் ஊர்ந்து ஊர்ந்து வந்து, உங்கள் வீட்டுக் குழாயின் வாயில் ஒரு துளியாய் நின்று எட்டிப் பார்க்கிறது. நாம் ஒரு முகம் கழுவுகிறோம். ஒரு கோப்பை அலசுகிறோம். அரை நிமிடம்! அரை நிமிடத்தில் அதற்கு ‘ஊத்தைத் தண்ணி’ என்று பெயர் வைத்து வாசலைக் காட்டி அனுப்பிவிடுகிறோம். மலையிலிருந்து வந்த விருந்தாளிக்கு நம் வீட்டில் கிடைக்கும் மரியாதை அரை நிமிடமா? அது எங்கே போனது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

கண்ணைத் திறக்கலாம்.

மருதமுனை முடிந்து பெரியநீலாவணை தொடங்குகிற இடத்தில், கடற்கரைப் பக்கமாக ஓர் ஒழுங்கை. அதில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். தெற்கு வீட்டில் மர்ஷூதா. கணவர் ஜவுபர் கட்டட வேலைக்குப் போகும் மேசன். வடக்கு வீட்டில் சிவரூபினி. கணவர் துசாந் கடலுக்குப் போகிறவர். ஏழு வயதில் ஒரு மகள், நிரோஜினி. வளவில் நாற்பது மல்லிகைச் செடிகள். காலையில் மொட்டு ஆய்ந்து கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுப்பது சிவரூபினியின் தொழில். இரண்டு வீட்டுக்கும் இடையில் இருந்தது தென்னோலைக் கிடுகு வேலி. அந்த வேலியில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையால் நோன்புக் கஞ்சி வடக்கே போகும். பொங்கல் தெற்கே வரும். நிரோஜினி மட்டும் இரண்டு பக்கமும் போவாள், வருவாள். அவளுக்கு இரண்டும் ஒரே வீடு.

மர்ஷூதா புதிதாக ஒரு குளியலறை கட்டினாள். மலசலகூடத்துக்குத் தனிக்குழி. குளித்த தண்ணீருக்கும் உடுப்புக் கழுவிய தண்ணீருக்கும் ஒரு குழாய். அந்தக் குழாயின் வாய் வேலியோரம்.

சிவரூபினி கேட்டிருக்கிறாள்: “இஞ்சால வருமா புள்ள?”

மர்ஷூதா சொல்லியிருக்கிறாள்: “இது கடற்கர மணல் அக்கா. குடிச்சிரும்.”

குடித்தது. ஒரு வருடம் குடித்தது. பிறகு சவர்க்கார நுரையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து படிந்து மணலின் வாய் அடைத்தது. தண்ணீர் வேலிக்கு அடியால் வழிந்து வடக்கு வளவில் தேங்கியது. கறுத்தது. நாறியது. “என்ன செய்யப் போறாய்?” என்று இவள் கேட்பாள். “இவரு வேலயால வந்தோண்ண சொல்றன் அக்கா” என்று அவள் சொல்வாள். ஜவுபர் இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்பார். ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர் தன் வீட்டுக் குழாயைத் திருப்ப நேரமில்லாதிருந்தார். சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேர் வீட்டிலே இப்படி!

அந்த மாரியில் நிரோஜினிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ஒன்பது நாட்கள்! இரத்தம் எடுப்பதும், இன்றைக்கு அணுக்கள் இறங்கிவிட்டன, நாளைக்குப் பார்ப்போம் என்பதும். குழந்தையின் உதடு காய்ந்து, கண்கள் உள்ளே போய், “அம்மா” என்ற அந்தச் சொல்லும் சுருங்கிச் சுருங்கி வெறும் காற்றாகிப் போன நாட்கள். இந்தப் பக்கம் மர்ஷூதா தொழுகைப் பாயை மடிக்கவே இல்லை. பத்தாம் நாள் குழந்தை கண் விழித்தது, கஞ்சி கேட்டது, வீடு வந்தது.

செய்தி கேட்ட மர்ஷூதா, கோழிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வேலி ஓட்டைக்கு ஓடினாள். அங்கே நின்றவள் பழைய ரூபினி அல்ல.

“உன்ட தண்ணிதான் என்ட புள்ளையக் கிடத்தின! உன்ட கஞ்சியும் வேணா, நீயும் வேணா. இனி ஒரு சொட்டுத் தண்ணி இஞ்சால வரப்படாது!”

கஞ்சி மணலில் கவிழ்ந்தது. மறுநாள் பொலிசில் முறைப்பாடு. இரண்டு கிழமையில் எங்கள் முன்னால் முதல் மனு.

நாங்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தோம். சிவரூபினி கேட்டது ஒன்றுதான், ஒரு சொட்டும் வரக்கூடாது. மர்ஷூதா தலையைக் குனிந்தபடி, “வராது” என்றாள். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் என் கையால் இணக்கப் பத்திரம் எழுதினேன். இருவரும் கையொப்பம் வைத்தார்கள். அந்தக் கிழமையே துசாந் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆளுயரத்துக்கு மதில் கட்டினார். வேலி போனது, ஓட்டையும் போனது. இரண்டு வீட்டிலும் ஓடித் திரிந்த குழந்தை ஒரு வீட்டுக்குள் முடங்கியது.

இனி மர்ஷூதாவைப் பாருங்கள். வாக்குக் கொடுத்துவிட்டாள். குழாயின் வாயை அடைத்துவிட்டாள். ஆனால் தண்ணீரை எங்கே விடுவது? வாளி வாளியாக அள்ளித் தெருவோர வடிகானில் ஊற்றினாள். கடைக்காரர் ஏசினார். ஒரு நாள் முழங்கை நோவில், தெருவரைக்கும் போக ஏலாமல், குசினிக்குப் பின்னால் நின்ற ஒரு வாழைக்குட்டியின் அடியில் ஊற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. கச்சான் காற்று அனலாய் அடிக்கத் தொடங்கிய நேரம். வளவெல்லாம் வாடிச் சருகாகிக் கொண்டிருக்கிறது. அந்த ஒரு வாழை மட்டும் குருத்து விரித்துக் கொண்டு நிற்கிறது! பச்சைப் பட்டைச் சுருளவிழ்த்துப் பிடித்தது போல் நிற்கிறது! அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். “எனக்கு அழுக வந்திற்று ஐயா, எதுக்கெண்டு தெரியா” என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. சுகாதாரப் பரிசோதகரைத் தேடிப் போனாள். எந்தத் தண்ணீர் ஆகும், எந்தத் தண்ணீர் ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு ஜவுபரைப் பிடித்து இருத்தினாள்.

“ஊருக்குக் கட்டினது போதும். எனக்கு ஒண்டு கட்டித் தாங்க.”

“என்னத்தக் கட்ட?”

“குளிச்ச தண்ணிக்கு ஒரு ஊடு.”

ஜவுபர் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே கட்டினாராம். ஒரு பழைய தண்ணீர்ப் பரல். அடியில் கருங்கல், அதன்மேல் சிரட்டைக் கரி, அதன்மேல் ஆற்று மணல், மேலே நுளம்பு புகாத வலை. அதிலிருந்து வடிகிற தண்ணீர் மூடிய குழாயால் ஒரு பாத்திக்குள் போகும். பாத்தியில் கல்வாழையும் வாழையும். தேங்காது, நாறாது, வழியாது. சேறு கிடந்த இடத்தில் செவ்வரி ஓடிய பூக்கள்!

அந்த வருடக் கச்சானை யார் மறப்பீர்கள்? மழை முகம் காட்டவில்லை. கிணறுகள் கரித்தன. குழாய்த் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை முக்கி முனகி வந்தது. குடிப்பதற்கே கலன்களோடு வரிசையில் நின்றோம். செடிக்கு யார் ஊற்றுவது? சிவரூபினியின் நாற்பது மல்லிகையில் பத்துக் கருகின. பிறகு இன்னும் இருபது கருகின. கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள்; இலைகள் ஓரம் எரிந்து உதிர்ந்தன. கடலும் அந்த நாட்களில் துசாந்துக்கு முகம் கொடுக்கவில்லை.

ஒரு விடியற்காலை, பூ ஆயப் போன சிவரூபினிக்கு ஆய்வதற்குப் பூ இல்லை. வெறும் கூடையோடு நின்றவள் நிமிர்ந்து பார்த்தாள். மதிலுக்கு மேலால், மெல்ல மெல்ல, மேகத்தின் கை போல அசைகிறது ஒரு வாழையிலை. ஊரெல்லாம் காய்ந்து கிடக்க, அந்த இலையில் மட்டும் பனி உருள்கிறது! கனவா? கல் ஒன்றைப் புரட்டி அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு பச்சைத் தோட்டம். அதற்கு நடுவில், இவள் துரத்திவிட்ட அதே தண்ணீர் சத்தமில்லாமல் ஊறிக்கொண்டிருந்தது.

அவள் இறங்கினாள். ஒரு கிழமை யோசித்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் சபைக்கு இரண்டாம் மனு அனுப்பினாள்!

நான்தான் பிரித்துப் படித்தேன். அதில் எழுதியிருந்தது: ‘பக்கத்து வீட்டுத் தண்ணீர் என் வளவுக்கு வருவதில்லை. வரச் செய்து தரும்படி தாழ்மையுடன் கேட்கிறேன்.’

ஆம், நீங்கள் சிரிப்பது போலத்தான் நானும் சிரித்தேன். சபையில் மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து நின்றபோது, எங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“நேர போய்க் கேக்கலாந்தானே புள்ள?” என்றேன்.

“வாய் வரல்ல ஐயா. நான் ஒரு பிழ செஞ்சிருக்கன். அதச் சொல்லிப்போட்டுத்தான் தண்ணி கேக்கணும். தனியச் சொல்ல ஏலா. அதுதான் இஞ்ச வந்தன்.”

எங்கள் அழைப்பில் வந்திருந்த மர்ஷூதா எதிரே இருந்தாள். அவள் மர்ஷூதாவைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

“புள்ள ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள பரிசோதகர் ஐயா வந்து என்ட வளவ முழுக்கப் பாத்தவர். டெங்கு நுளம்புட புழு கிடந்தது மர்ஷூதாட சேத்துக்குள்ள இல்ல. மல்லிகைக்கு ஊத்த நான் நிரப்பி வச்ச நல்ல தண்ணித் தொட்டிக்குள்ள. மூடாம வச்சது நான். அந்த நுளம்புக்குத் தெளிஞ்ச தண்ணிதான் புடிக்குமாம்.”

“முதல் மனுக் குடுக்கக்குள்ளயே இது தெரியுமா?”

“ஓம் ஐயா. தெரியும்.”

“பின்ன ஏன்?”

“ஆரையாவது ஏசாட்டி, என்னை நானே ஏசணும். ஒம்பது நாள் புள்ளைட கட்டிலடியில இருந்தவள் ஐயா. என்ட கையாலதான் எண்டு நெனைக்க ஏலாமக் கிடந்தது.”

என் அன்புத் தாய்மார்களே! அந்தச் சொல்லைக் கேட்டு நாங்கள் பேனாவை வைத்துவிட்டோம். மர்ஷூதா என்ன சொல்லப் போகிறாள்? ஊர் முன்னால் பழி சுமந்தவள் அல்லவா? மாதக்கணக்காக வாளி சுமந்தவள் அல்லவா? எழுந்து நின்று இடி போல் இறங்கலாமே! கேட்பதற்கு எல்லா நியாயமும் அவள் பக்கம் இருந்ததே!

அவள் எழுந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் தெரியும் ரூபினிக்கா. பரிசோதகர் ஐயா அண்டைக்கே என்ட ஊட்டுக்கும் வந்து சொல்லிட்டுத்தான் போன.”

சிவரூபினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “தெரிஞ்சுமா நீ வாய் தொறக்கல்ல?”

“என்ட தண்ணியால உங்கட வளவு நாறினது உண்மதானே. புள்ளைக்கு வந்த வருத்தத்த வச்சா நான் உங்கள வெல்லணும்? புள்ள பொழச்சிற்றா, அல்ஹம்துலில்லாஹ். அது போதும் எனக்கு.”

பிறகு அங்கே நடந்ததைச் சொல்ல இந்தத் தபாலதிபருக்குத் தமிழ் போதாது. இரண்டு பெண்கள் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். நாங்கள் மூன்று ஆண்கள் சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் காலை துசாந் உளியும் சுத்தியலும் எடுத்தார். தான் கட்டிய மதிலில், தரையோடு தரையாக, தன் கையாலேயே துளை போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஜவுபர் குழாயைச் செருகினார். “பாத்து மச்சான், என்ட கை கிடக்கு” என்று மதிலுக்கு இப்பால் சத்தம். “எடுங்க அண்ணன், தள்ளப் போறன்” என்று மதிலுக்கு அப்பால் சத்தம். வடிந்த தண்ணீர் வடக்கே போனது. மிஞ்சியிருந்த பத்து மல்லிகை பிழைத்தது. அந்தப் பத்திலிருந்து பதியம் வைத்து இன்று எழுபது!

ஒரு சந்தேகம் சிவரூபினிக்கு இருந்தது. குளித்த தண்ணீரில் வளர்ந்த பூவைக் கோயிலுக்குக் கொடுக்கலாமா? இதோ என் இடப்பக்கம் இருக்கிற ஐயாவிடம்தான் போய்க் கேட்டாள். ஐயா சொன்னதை அவர் முன்னாலேயே சொல்கிறேன்: “மண்ணுக்குள்ள போய் மொட்டா வந்தா அது பூ, பிள்ள. கொண்டு வா.” கைதட்டுங்கள்! இந்த வார்த்தைக்குக் கைதட்டாமல் வேறு எதற்குத் தட்டுவது!

என்ன? ஓம், அந்த விளக்குத் தூணோரத்தில் நிற்பவர் கேட்கிறார், ‘எங்கட வளவு மூண்டே மூண்டு பேர்ச் நிலம், இதுக்கு எங்க இடம்?’ நியாயமான கேள்வி. அதற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? மர்ஷூதா, எழும்பி நின்று நீங்களே சொல்லுங்கம்மா. ஒலிவாங்கியை அங்கே கொடுங்க.

“என்ட பாத்தி ஒரு கட்டிலளவுதான். கக்கூஸ் தண்ணிய மட்டும் இதுக்குள்ள எடுத்துராதீங்க. குசினித் தண்ணி எண்டா முதல்ல எண்ணெயப் புடிக்க ஒரு சின்னத் தொட்டி வேணும். அண்டண்டைக்கு ஓட உடணும், தேக்கி வைக்கப்படாது. கீரைக்கும் பச்சையாத் திங்கிற மரக்கறிக்கும் ஊத்தாதீங்க; வாழைக்கு, தென்னைக்கு, பூவுக்கு ஊத்துங்க. சவர்க்காரத் தூளக் கொஞ்சம் கொறச்சிப் போடுங்க. மேல் மணல மாசத்துக்கு ஒருக்காக் கழுவுங்க. அவ்வளவுதான்.”

கேட்டீர்களா? பெரிய பெரிய புத்தகமெல்லாம் வேண்டியதில்லை. இன்று அந்த ஒழுங்கையில் இருபத்தாறு வீடுகளில் இந்தப் பாத்தி இருக்கிறது. பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு நான் அந்த வழியாக நடப்பேன். கச்சான் அடிக்கும், ஆனால் அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தால் காற்றின் குணம் மாறிவிடும். ஈர மண் வாசனை. இரண்டு பக்கமும் இலைகளின் சலசலப்பு. மழையே பெய்யாத நாளில் மழை பெய்து ஓய்ந்த தெரு போல அது கிடக்கும். நான் நடக்கிறேனா, நித்திரையில் மிதக்கிறேனா என்று எனக்கே விளங்காது. அப்போதெல்லாம் ஓர் ஆசை எழும். இந்த ஒரு ஒழுங்கை பெருகிப் பெருகி, நற்பிட்டிமுனை வரைக்கும் பரவாதா? நிந்தவூர் தாண்டி ஒலுவில் துறைமுகம் வரைக்கும் பச்சை ஓடாதா? கடலிலிருந்து கரை திரும்புகிறவர்கள் தூரத்தில் பச்சைக் கோடு ஒன்றைக் கண்டு, ‘அந்தா எங்கட ஊர்’ என்று சொல்ல மாட்டார்களா?

சபையோர்களே! முடிப்பதற்கு முன் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பெண்கள் ஊர் முன்னால் உண்மை சொன்ன பிறகு, நான் மட்டும் நல்லவனாய் இறங்கிப் போக மனம் இடம் தரவில்லை.

முதல் மனு வந்த அன்று, படித்தவர்கள் என்று பெயரெடுத்த நாங்கள் மூவர் மேசைக்குப் பின்னால் இருந்தோமே, எதைப் பற்றிக் கதைத்தோம்? தண்ணீர் எங்கே போகக் கூடாது என்று கதைத்தோம். இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். கையொப்பம் வாங்கினோம். நீதி செய்துவிட்டோம் என்று தேநீர் குடித்தோம். அது எங்கே போக வேண்டும் என்று எங்களில் ஒருவர் கேட்டோமா? கேட்கவில்லை! அந்தக் கேள்வியை முழுசாக ஒரு பெண்ணின் தலையில் கட்டி அனுப்பினோம். அவள் அதை வாளி வாளியாகச் சுமந்தாள். அன்று மாலை நான் வீடு போய்த் தொழுகைக்காகக் கை கால் கழுவி வுழூச் செய்தேன். அந்தத் தண்ணீர் என் வீட்டுப் பின்பக்கத்தால் வழிந்து தெருவில் ஓடியது. பதினெட்டு வருடமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்ததே இல்லை!

பார்த்தேன், மர்ஷூதாவின் வார்த்தையைக் கேட்ட பிறகு. வெட்கப்பட்டேன். என் வீட்டில் இப்போது மூன்று தென்னம்பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் வளர்கின்றன.

ஆகவே உங்களை நான் கையுயர்த்தச் சொல்லப் போவதில்லை, சத்தியம் கேட்கப் போவதுமில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் குளியலறைக்குப் பின்னால் ஒரு நிமிடம் போய் நில்லுங்கள். உள்ளே யாரையாவது ஒரு வாளி ஊற்றச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் வெளியே வந்து எந்தப் பக்கம் திரும்புகிறது, யாருடைய வளவைத் தொடுகிறது, எங்கே போய் மறைகிறது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பார்த்துவிட்டால் போதும், பிறகு உங்களால் சும்மா இருக்க முடியாது. நான் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகிறது; அதிபர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இவ்வளவு நேரமும் கடலையும் அடக்கிக் காது தந்த உங்களுக்கு நன்றி. தங்கள் கண்ணீரை இந்த அவையின் முன் வைக்க மனம் இசைந்த இரண்டு சகோதரிகளுக்கு இந்த ஊரின் பெயரால் நன்றி. உங்கள் வீடுகளில் இரக்கமும் ஈரமும் நிலைக்கட்டும். போய் வருகிறேன், வணக்கம், வஸ்ஸலாம்.